கேட்டதுக்கு மட்டும் பதில்

“விபத்துக்கு அப்புறம்தான் எழுதினேன்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தை, அவ்வளவுதான்” என்றார் மேனேஜர், கோர்ட் வராந்தாவில்.

ஸ்டோர் அக்கா தலையாட்டினாள். மடியில் பழுதுப் புத்தகம். தொழிற்சாலையில் எந்த மெஷினில் என்ன பழுது என்று யார் வந்து சொன்னாலும் அதில் எழுதி வைப்பது அவள் வேலை.

‘ஐந்தாம் நம்பர் பிரஸ், கை காப்புத் தகடு உடைந்திருக்கிறது.’ பிரஸ் மெஷின்காரன் வந்து சொன்னான், அவள் எழுதினாள். எழுதிய ஐந்தாம் நாள் அதே மெஷினில் அவனுக்கு இரண்டு விரல் போயிற்று. தகட்டை அவனே கழற்றினான், எல்லாம் அவன் அஜாக்கிரதை என்று கம்பெனி அவனை வேலையை விட்டும் தூக்கிவிட்டது. அவன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தான்.

“அவன் கெஞ்சினான், பாவம் பார்த்து முன்தேதி போட்டுட்டேன்னு சொல்லுங்க. சொன்னா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சொல்லலேன்னா...”

மேனேஜர் மீதியைச் சொல்லாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடித்த புத்தகம் அது. கிழித்தால் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் மேனேஜர் இவளிடம் இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிற ஆளா?

வீட்டில் கணவர் படுத்த படுக்கை. மகள் நர்ஸிங் கடைசி வருஷம். இவள் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிகிறது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், அவளுக்குச் சம்மன் அனுப்ப வைத்தது அவனுடைய வக்கீலான இடி வக்கீல். இருபத்தைந்து வருஷமாகத் தொழிலாளிகள் பக்கம் மட்டுமே வாதாடுகிறவர். முதலாளிகளிடம்தான் இடி, தொழிலாளி என்றால் உருகிவிடுவார் என்று கேன்டீனில் சொல்வார்கள். பதமாகக் கேட்பார் என்று நம்பி வந்தாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தோடு கூண்டில் ஏறினாள்.

எதிரே பிரஸ் மெஷின்காரன் நின்றிருந்தான். வலது கையைச் சட்டைக்குள் மறைத்திருந்தான். அவளைப் பார்த்து, “அக்கா” என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

‘வேலை போனால் போகட்டும், இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் ஆகாது’ என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டாள்.

இடி வக்கீல் எழுந்தார். “இது உங்க கையெழுத்தா?”

“ஆமா சார். அது வந்து, அன்னைக்கு...”

“ஆமாவா, இல்லையா?”

“ஆமா. ஆனா சார்...”

“கேட்டதுக்கு மட்டும் பதில்!” மேஜையில் கை விழுந்த சத்தத்தில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. “கதை கேக்க நான் வரல.”

நீதிபதியே நிமிர்ந்து பார்த்தார். “நீங்க கூப்பிட்ட சாட்சிதானே வக்கீல் சார்? ஏன் இப்படி விரட்டுறீங்க?”

“கம்பெனியில சம்பளம் வாங்கறவங்க ஐயா. எனக்கு எப்படி சாட்சியாவாங்க?”

அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. உண்மையைச் சொல்ல வந்தவளுக்கு இந்த மரியாதையா?

வக்கீல் விடவில்லை. “இதுக்குக் கீழே வேற மெஷினுங்களப் பத்தி நாலு பதிவு இருக்கு. நாலும் விபத்துக்கு முந்தின தேதி. எல்லாம் நீங்க எழுதினதா?”

“ஆமா.”

“நடுவுல இடம் விட்டு எழுதுற பழக்கம் உண்டா?”

“இல்ல சார். ஆனா நான் ஒண்ணு சொல்ல...”

“போதும்! இறங்குங்க.”

நீதிபதி புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். நடுவில் புதிதாக ஒரு வரியை நுழைக்க இடமே இல்லை. இனி முன்தேதிக் கதை எடுபடாது என்று கண்ட கம்பெனி வக்கீல், கேள்வி எதுவும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு எப்படி வரும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்ததும் மேனேஜர் நேராக அவளிடம் வந்தார். தீர்ந்தது கதை என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க என்னம்மா பண்ணுவீங்க? நான் சொன்னதைச் சொல்ல மூணு தடவை வாயத் திறந்தீங்க, பார்த்தேன். அந்த முரடன் விடல. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கப் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு கோபமும் சேர்ந்து வந்தது.

மாடிப்படியில் இடி வக்கீல் தனியாக இறங்கிக்கொண்டிருந்தார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

“உண்மையைச் சொல்லத்தான் சார் வாயத் திறந்தேன். என்னை நாயை விரட்டுற மாதிரி விரட்டிட்டீங்களே!”

அவர் முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்தார். யாருமில்லை. குரல் இவருடையதுதானா என்று சந்தேகப்படும் அளவுக்கு இறங்கியது.

“தெரியும்மா. கூண்டுல ஏறினதுமே உங்க முகத்துல தெரிஞ்சுது. மன்னிச்சுக்குங்க. எனக்காக உண்மையைச் சொன்ன சாட்சிங்க எத்தனையோ பேர், அடுத்த மாசமே வேலை போய் எங்கிட்டயே கேஸ் கொடுக்க வந்து நின்னிருக்காங்க. நீங்க வர வேண்டாம்மா.”