இருட்டில் வளர்ந்த காராமணி

"'இருட்டு'ன்னு லேபிள் ஒட்டின காராமணிச் செடி, 'வெயில்' செடியவிட உயரமா? அறிவிருக்கா?"

மயிலாப்பூர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் அறிவியல் செய்முறைத் தேர்வு. மாணவி ஜெனிதாவின் இரண்டு தொட்டிகளையும் பார்த்து விரிவுரையாளர் பத்ரிநாராயணன் முகத்தைச் சுளித்தார்.

"நிஜமாவே அப்படித்தான் சார் வளந்துச்சு."

"மத்தவா தொட்டியெல்லாம் பாரு. வெயில்ல இலை மஞ்சளா வெளுத்தாலும் எவ்ளோ உயரம்! செடிக்கு வெயில் வேணும்னு எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரியும். நீயெல்லாம் டீச்சராகி, பசங்க உருப்பட்டாப்லதான்!"

பூஜ்யம் போட்டுவிட்டு நகர்ந்தார்.

அழுதுகொண்டிருந்த ஜெனிதாவைப் பார்த்து, தோழி ஆஷா தலையில் அடித்துக்கொண்டாள்.

"லூசாடி நீ? எங்க எல்லாருக்குமே இருட்டுல வச்சதுதான் உயரமா வளந்துச்சு. செடி தப்பா வளந்தா, லேபிளை மாத்தி ஒட்ட வேணாமா?"