ஏரியில் கழன்ற குல்லா

லாப்லாந்து ஏரியின் மேல் நீல வெளிச்சம் கவிந்திருக்கிறது. நண்பகலாகியும் சூரியன் கரையோரத்து ஊசியிலைக் காட்டைத் தாண்டி எழும்பவில்லை. காலில் கட்டிய சறுக்குப் பலகைகள் சரக் சரக்கென்று முனக, ஒரே தடத்தில் மூவர் வருகிறார்கள்: முன்னால் இல்போ, நடுவில் துயிரே, கடைசியில் மார்கெட்டா. துயிரேயின் ஊன்றுகோல் நுனி ஈரமாக வெளியே வருகிறது. அடியில் உறைந்த ஏரி பாறை மாதிரி கெட்டி, உடையாது; அதற்கும் மேல்பனிக்கும் இடையேதான் தண்ணீர் ஊறிக் கிடக்கிறது. போய்க்கொண்டே இருந்தால் தப்பிக்கலாம், நின்றால் பலகையில் பனி கல்லாக அப்பிக்கொள்ளும்.

"டேய், தண்ணி ஊறுது! நிக்காம போ!" என்று இல்போவைப் பார்த்துக் கத்துகிறாள் துயிரே.

அந்த நேரம் பார்த்துக் காற்று இல்போவின் குல்லாவைப் பிடுங்கித் தடத்துக்கு வெளியே பனியில் போடுகிறது. அவன் நின்று திரும்புகிறான். அவ்வளவுதான், கால்கள் நட்டு வைத்ததுபோல் ஆகிவிட்டன.

"அங்கயே சிலை வச்சிரலாமா?" என்கிறாள் மார்கெட்டா.

"சிரிக்காதீங்கடி, காது விறைக்குது!"

துயிரே வேகத்தைக் குறைக்கவே இல்லை. தடத்தை விட்டு விலகி, போகிற போக்கில் குனிந்து, கோல் நுனியால் குல்லாவைக் கொத்தி எடுத்துக்கொண்டு அவனைக் கடக்கிறாள். சிவப்புக் கம்பளிக் குல்லா அவள் தலைக்கு மேல் ஆடுகிறது.

"காது வேணும்னா பின்னாலயே வா!"

திட்டிக்கொண்டே அவன் காலைப் பெயர்த்து வைக்கிறான். ஒவ்வொரு காலிலும் ஒரு மூட்டை பனி. கரையேறி அவன் மூச்சு வாங்கும்போது, குல்லா ஒரு கிளையில் தொங்குகிறது. அதனடியில் துயிரே, பலகை சுரண்டும் கத்தியை உருவி வைத்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறாள்.

"காலத் தூக்கு," என்கிறாள்.