உள்ளங்கையில் விரல்

என் மகள் வயிற்றுப் பேத்தி மாரிக்கனிக்கு ஆறு வயது. ரத்தத்தில் புற்றுநோய். அது கண்ணுக்கும் ஏறிவிட்டதா என்று பார்க்க, டாக்டரம்மா அவள் இடது கண்ணைப் பொத்திவிட்டு விரல் காட்டினார். ஏறியிருந்தால் தலைக்குக் கரண்ட் வைப்பார்கள், கதிர்வீச்சு என்பார்கள், அதுதான் வைத்தியமாம். போன தடவை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு வைத்தார்கள். மூன்றாம் நாள் கட்டில் காலி. அதனால் டாக்டரம்மா காட்டிய விரல்களின் எண்ணிக்கைப்படி நான் பிள்ளையின் உள்ளங்கையில் அழுத்தினேன். இரண்டு தரம் அழுத்தியதும், "ரெண்டு" என்றாள். நான்கு தரம் அழுத்தியதும், "நாலு." வீட்டிலேயே பேசி வைத்ததுதான்.

"கெட்டிக்காரி," என்ற டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, பிள்ள கைய விடுங்க."

"பயப்படுவா தாயி."

"இப்பவே வைத்தியம் பாக்கலன்னா இந்தக் கண்ணு போயிரும். விடுங்க."

படித்தவர்கள் இப்படித்தான் மிரட்டுவார்கள். ஆனாலும் விட்டேன்.

டாக்டரம்மா மூன்று விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். மாரிக்கனி விரித்த உள்ளங்கையால் என்னைத் தேடிக் காற்றில் துழாவினாள்.

"தாத்தா, டாக்டரம்மா இன்னும் காட்டலயா?"