மத்தியான நிறுத்தம்

கிசுமு பரிசோதனைக் கூடத்தில் ரத்த மாதிரிகளை அளந்து ஊற்றும் ரோபோ, தினமும் மத்தியானம் பத்து நிமிடம் நின்றுவிடும்.

"மெஷின் ஓடுறப்போ பக்கத்துலேர்ந்து யாரும் நகரக் கூடாதுன்னேன். இப்ப இதுவே உகாலி சாப்பிடப் போயிடுதா? இன்னைக்குச் சரியாகலேன்னா நாளைக்கு நீ வராதே, நெகேசா!" என்று அதை இயக்குபவளிடம் கத்திவிட்டு, மேலாளர் கிப்தனுய் தன் அறைக்குப் போனார்.

நைரோபியிலிருந்து வந்திருந்த பொறியாளர் வாய்ரிமு நிரலைப் படித்தாள். பழுதே இல்லை. யாரோ வேண்டுமென்றே எழுதிய நிறுத்தம்.

"நீயா எழுதினே?"

நெகேசா போட்டிருந்த கோட்டை விலக்கினாள். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"வாசல் கேட்டுல தங்கச்சி என் குழந்தையோட நிக்கிறா, அக்கா."

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கண்டுபிடிச்சியா?"

"மோட்டார் சூடாகுது சார். தினமும் ஆற விடணும்."

வாய்ரிமு பத்தை அழித்துவிட்டு இருபது என்று எழுதினாள்.