மூன்றாம் மாடிக் குழாய்

தொற்றுக் காலம் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கொடுத்த ஒரே அதிகாரம், வாசலில் அவர் ஒட்டிய விதிமுறைத் தாள். உறவினர் யாரும் உள்ளே வரக்கூடாது. அவசரப் பழுது பார்க்கிறவர்கள் வரலாம். முகக்கவசம், ஆறடி இடைவெளி, அரை மணி நேரம்.

மூன்றாம் மாடிக்கு அந்தப் பிளம்பர் வருவது இது நாலாவது வாரம்.

"மறுபடியும் அதே குழாயா?"

"ஆமா சார். ரொம்பப் பிடிவாதம் பிடிக்குது."

அவன் சட்டைப் பையில் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கரண்ட் பார்க்கிற பிளம்பரைச் செயலாளர் இப்போதுதான் பார்க்கிறார். திருடனோ? போதாக்குறைக்கு அது பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. நோயைக் கொண்டுவந்து விட்டுவிட்டால்?

மூச்சு வாங்க மாடியேறினார். கதவு ஒருக்களித்திருந்தது. நாகரிகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

குழாயில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. தொட்டிலுக்குச் சரியாக ஆறடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான் பிளம்பர். அவன் முகக்கவசம் கண்ணீரில் நனைந்திருந்தது.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண், தொட்டில் துணியை விலக்கினாள்.

"இங்க பாருடி தங்கம், அப்பா வந்திருக்காங்க."

செயலாளர் பூனைபோலக் கீழே இறங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து அவன் வந்தபோது, கடிகாரத்தைப் பார்க்காமல் பதிவேட்டை நீட்டினார்.

"வேலை முடிஞ்சுதா?"

"இல்ல சார்... அடுத்த வாரமும் வரணும்."

"அடுத்த வாரமா?" செயலாளர் எரிந்து விழுந்தார். "பச்சப்புள்ள இருக்கிற வீடுய்யா! தினமும் வந்து பார்க்க வேண்டாமா?"