மேசையின் மூன்று நிறங்கள்

"வீட்ல நாய் வளக்குறீங்களாம்மா?"

குழாய் சொட்டுகிறதா என்று பார்க்க வந்த வீட்டுக்காரர், சாப்பாட்டு மேசைக்கடியில் குனிந்தபடி கேட்டார். அது அவருடைய மேசை. மாடியில் புது வீடு கட்டிக்கொண்டு போனபோது, படியில் ஏற்ற முடியாமல் கீழேயே விட்டுப்போனது. அதன் குறுக்குக் கட்டையில் சுற்றியிருந்த பழைய துண்டை அவர் அவிழ்த்திருந்தார். பிரவுன் பெயிண்ட் பெயர்ந்து, கட்டை முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

சட்டைக்குப் பட்டன் தைத்தபடி இருந்த, வாடகைக்குக் குடியிருப்பவளின் ஊசி பாதியில் நின்றது.

"நாய் இல்லீங்க ஐயா. இவன்தான்."

பாயில் குப்புறக் கிடந்தான் எட்டு மாதத்து எலி. வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். கீழ் ஈறில் அரிசிமணி அளவில் இரண்டே பல். அந்த இரண்டை வைத்துக்கொண்டு செருப்பு, சீப்பு, அப்பாவின் மூக்கு எல்லாவற்றையும் பதம் பார்த்திருந்தான். காலையில் ஆவலாகத் தின்ற வாழைப்பழத்தை மதியம் துப்புவான். சிரித்துக்கொண்டே இருப்பவன் திடீரென்று வீறிடுவான். என்னவோ ஏதோ என்று அவள் ஓடி வந்தால், எச்சில் ஒழுக மறுபடி சிரிப்பான்.

"ரெண்டு பல்லுலயா இவ்வளவு? யாருகிட்ட கதை விடுறீங்க? நாய் கூடாதுன்னு சொல்லித்தானே வீடு குடுத்தேன்?" அவர் மேசையைத் தரதரவென்று இழுத்துச் சுவரோரம் தள்ளினார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

அவளுக்குத் தைக்கச் சட்டை கொடுக்கும் கடை இதே தெருவில்தான் இருக்கிறது. கைக்குழந்தை என்றதும் ஆறு வீட்டில் கதவைச் சாத்திவிட, ஏழாவதாகக் கிடைத்த வீடு இது.

எலி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மேசை போன திசையைப் பார்த்தான். கிளம்பிவிட்டான்.

கிளம்பினான் என்றால், பின்னால். ஒரு வாரமாக அப்படித்தான். எதிரே இருக்கும் பொருளைக் குறிவைத்துக் கையை ஊன்றித் தள்ளுவான், உடம்பு பின்பக்கம் போகும். பொருள் தூரமாகிக்கொண்டே போவதைப் பார்த்துத் திகைப்பான். ஆனால் ஒரு நாளும் போதும் என்று விட்டதில்லை.

இன்றும் அலமாரியில் பாதம் முட்டும்வரை பின்னால் போனான். நின்றான். யோசித்தான். அலமாரியை உதைத்து, முழங்காலை மடக்கி, ஒரு சாண் முன்னால் வந்தான். மூக்கு தரையில் இடித்தது. அழவில்லை. இன்னொரு சாண்.

"ஐயா, முன்னாடி வர்றான் பாருங்க! இன்னிக்குத்தான் முதல் தடவை!" வீடு போகப்போகிறது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

வீட்டுக்காரரும் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டுதான் நின்றார். எலி நேராக வந்து, வழியில் இருந்த அவருடைய பாதத்தைப் பிடித்து, கட்டைவிரலை வாய்க்குள் இழுத்துக்கொண்டான்.

"ஆ!"

விரலைத் துடைத்துப் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். மேசைக் கட்டையைப் பார்த்தார். அதே இரண்டு.

"பயலுக்குப் பல்லா, உளியா?" குரலில் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது. ஆனாலும் விடவில்லை. "சரி, நாய் இல்ல. அதுக்காகப் பிள்ளைன்னா இப்படியா? எனக்கும் ஒரு பையன். இதே வீட்லதான் தவழ்ந்தான். இந்த மேசையில ஒரு கீறல் விழுந்ததில்ல. நாங்க வளத்த வளப்பு அப்படி. உங்களுக்குச் சரிப்படாதும்மா, வேற வீடு பாத்துக்குங்க."

குழாய்க்கு வாஷரை எடுத்துக்கொண்டு அவருடைய மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"நீயே சொல்லு" என்றார் வீட்டுக்காரர் மனைவியிடம். பிறகு எலியின் அம்மா பக்கம் திரும்பினார். "நான் கப்பல்ல வேலை பாத்தவன்மா. எட்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் லீவு. நான் வர்றேன்னு தெரிஞ்சா போதும், இவ இந்த மேசைக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சு வச்சிருப்பா. முதல் தடவை நீலம், அடுத்தது பச்சை, அப்புறம் பிரவுன். அப்படி ஒரு வரவேற்பு! அதுக்கப்புறம் என்னவோ நிறுத்திட்டா. புருஷன் பழசாயிட்டான் போல!"

மனைவி சிரிக்கவில்லை.

அதற்குள் எலி மேசைக்கடியில் போய்ச் சேர்ந்திருந்தான். கட்டையில் வாயை வைத்தான். ஒரு சில்லு பெயர்ந்தது. அவள் ஓடிப்போய் அவனைத் தூக்கி, விரலை விட்டு அதை வெளியே எடுத்தாள்.

சில்லு பெயர்ந்த இடத்தில் பச்சை தெரிந்தது. பச்சையிலும் இரண்டு பள்ளம். பள்ளத்துக்குள் பிரவுன் பெயிண்ட் இறங்கி, எப்போதோ காய்ந்திருந்தது.

வீட்டுக்காரர் குனிந்தார். "இது எப்படி... உள்ளேயுமா கடிச்சிருக்கான்?"

"அது இந்தப் பிள்ளை இல்லீங்க, நம்ம பிள்ளை" என்றார் மனைவி. "சுரண்டிப் பாருங்க, நீலத்துக்குக் கீழேயும் இருக்கும். ஒரு மாச லீவுல வர்ற மனுஷன் பிள்ளையை அதட்டிட்டுப் போயிடக் கூடாதேன்னு, நீங்க வர்றதுக்கு முந்தின வாரம் பெயிண்ட் டப்பாவைத் தூக்குவேன். பிரவுன் அடிக்கிறப்ப அவனுக்குக் கடைசிப் பல்லும் வந்துடுச்சு. நானும் நிறுத்திட்டேன்."

வீட்டுக்காரர் அந்தப் பச்சைப் பள்ளத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு கீழே கிடந்த துண்டை எடுத்துக் கட்டையில் சுற்றிக் கட்டினார். சுவரோரம் தள்ளிய மேசையை மெல்ல நகர்த்திப் பழைய இடத்திலேயே, எலிக்கு எட்டும்படி வைத்துவிட்டு, மனைவியிடம் வாஷரை வாங்கிக்கொண்டு குழாயைப் பார்க்கப் போனார்.