மகள் வந்தாள்

முதியோர் இல்லங்கள் அனுப்பும் தகவல்களைத் திரட்டி, பிழை களைந்து, ஒரே தரவுத்தளமாக்குவது அவள் வேலை. யார் சாப்பிட்டார்கள், யார் தடுக்கி விழுந்தார்கள், யாரைப் பார்க்க யார் வந்தார்கள் என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்தே கண் பூத்துப்போகும். அந்த இல்லங்களில் ஒன்றில்தான் அவள் அம்மாவும் இருந்தாள். போய்ப் பார்க்கத்தான் ஒழியவில்லை. வருஷம் ஒன்று ஓடிவிட்டது.

அம்மாவின் பதிவில், பார்க்க வந்தவர் என்ற இடத்தில் தினமும் 'மகள்' என்றிருந்தது. அம்மாவுக்கு அவள் ஒரே பிள்ளை. பிழை என்று நீக்கினாள். மறுநாளும் வந்தது. இல்லத்துக்குப் போன் போட்டாள். நர்ஸுக்குக் குரல் உடனே பிடிபட்டுவிட்டது.

"தப்பா? என்னக்கா, நேத்துகூட நீங்கதானே ஊட்டிவிட்டீங்க? பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும்னு நாங்க பேசிக்குவோம்."

அவள் போனை வைத்தாள். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு பஸ் பிடித்தாள். இல்லத்து வாசலில் யாரும் அவளை யாரென்று கேட்கவில்லை. எந்த அறை என்று தெரியாமல் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கடைசி அறையில் அம்மா படுத்திருந்தாள். தலை வாரி, பின்னல் இறுக்கமாகப் போட்டிருந்தது. கதவுச் சத்தத்துக்குத் திரும்பினாள்.

"இப்பதானே கெளம்பின? எதையாவது மறந்துட்டியா?"

"ஆமாம்மா" என்றாள். வேறென்ன சொல்ல? கால் கடுத்தது. கட்டிலருகே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.